மூன்று நாளுக்கு ஏழு ஆட்டம்

கிட்டே வாங்க மக்களே. சுவரோரம் இருக்கிற பிள்ளையும் கொஞ்சம் நகர்ந்து வரட்டும், மின்விசிறிக் காற்று இந்தப் பக்கம்தான் வருகிறது. இன்றைக்கு ராஜா கதை இல்லை, பேய்க் கதையும் இல்லை. ஒரு குழந்தைக்குக் காது குத்துவதற்காக மேஜை மேல் பதினாறு பந்து உருண்ட கதை. அழ வைத்துவிடுவேனோ என்று பயப்பட வேண்டாம். நடுவில் கொஞ்சம் மூச்சு முட்டும், முடியும்போது சரியாகிவிடும்.

தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ். முப்பத்திரண்டு அறை. அதன் அடித்தளத்தில் விரிப்பும் தலையணை உறையும் மடித்து அடுக்குவது என் வேலை. கொடிகளில் வெள்ளை விரிப்புகள் தொங்கும். அவற்றுக்கு நடுவில் ஒரு பூல் மேஜை கிடந்தது. தங்க வருகிறவர்கள் விளையாடட்டும் என்று முதலாளி ஆசைப்பட்டு வாங்கிப் போட்டது. கோயிலுக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்களுக்குப் பந்து தட்ட ஏது மனது? ஒருவரும் படியிறங்கி வரவில்லை. பச்சைத் துணி இரண்டு இடத்தில் கிழிந்து, ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைக்கிற நிலைக்கு வந்த பிறகு, மேஜை வேலைக்காரர்களுக்கு ஆனது.

ஆட்டம் லேசானதுதான். ஏழு பந்து முழு நிறம், ஏழு பந்து கோடு போட்டது, நடுவில் கறுப்பு எட்டு. வெள்ளைப் பந்தைக் குச்சியால் தட்டித் தன் ஏழையும் குழியில் தள்ளிவிட்டு, கடைசியாக எட்டைத் தள்ளுகிறவன் ஜெயித்தான். எட்டோடு வெள்ளையும் சேர்ந்து விழுந்தால் தோற்றான். எந்தக் குழி என்று முன்னாலேயே சொல்லி அடிக்கிற வழக்கம் எங்கள் மேஜையில் கிடையாது. எட்டு தெரிந்து விழுந்தாலும் தெரியாமல் விழுந்தாலும் விழுந்ததுதான்.

காசு வைத்து ஆடினால் மேஜையைப் பழைய சாமான் வாங்குகிற ஆக்கர்க்காரனிடம் தூக்கிப் போடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் பையன்கள் காசு வைக்கவில்லை. காசை விடப் பெரிய ஒன்றை வைத்தார்கள். ஆஃப்.

எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஆஃப். எடுக்காமல் சேர்த்தும் வைக்கலாம், இன்னொருவருக்கு மாற்றியும் கொடுக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து போய் ரிசப்ஷனில் ஷெமியிடம் சொன்னால், அவள் டியூட்டி சார்ட்டில் ஒரு பெயரை வெட்டி இன்னொரு பெயரை எழுதுவாள். ஏன் என்று கேட்க மாட்டாள். ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு சிங்கிள் கேம், ஒரு ஆஃப். அதுதான் கணக்கு. பத்து நிமிஷத்தில் முடியும். சாயா ஆறுவதற்குள் ஒருவனுடைய ஞாயிற்றுக்கிழமை இன்னொருவனுடையதாகிவிடும். ஜெயித்தவன் குச்சியைச் சாய்த்துவிட்டுப் போகலாம், யாரும் தடுக்க முடியாது. ரேஸ் என்று ஒன்றும் உண்டு. ஐந்து வரை, ஏழு வரை என்று முதலில் பேசிக்கொண்டு, அத்தனை ஆட்டம் யார் முதலில் ஜெயிக்கிறாரோ அவருக்கு. ரேஸில் பாதியில் இறங்கிப் போகக் கூடாது, போனால் தோல்வி. இரண்டு மணி நேரம் யாருக்கு இருக்கிறது? அதனால் ரேஸ் பேச்சில்தான் இருந்தது. ஆட்டமெல்லாம் சிங்கிள்.

இனி செல்வகணேஷைச் சொல்கிறேன். வள்ளியூர்ப் பக்கத்துப் பையன். கொத்து வேலைக்கு என்று இந்த ஊருக்கு வந்தவன். வந்த வருஷம் மழை விடாமல் பெய்து கட்டடங்கள் நின்றுபோக, லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிற வேலைக்குச் சேர்ந்து அப்படியே தங்கிவிட்டான். பேச்சு குறைவு. ஒரு விரிப்பை உதறி விரித்தால் நாலு மூலையும் ஒரே அளவில் தொங்கும்.

எதிரே அனூப். பாறசாலைக்காரன், எல்லைப் பக்கம். வாயில் மலையாளமும் தமிழும் சேர்ந்தே வரும். லாட்ஜில் எலக்ட்ரிக் வேலை, மோட்டார் வேலை எல்லாம் அவன்தான். ஆட்டத்திலும் அவன்தான் கெட்டி. அந்தப் பங்குனியில் அவன் பெயரில் ஒன்பது ஆஃப் சேர்ந்து கிடந்தது. அதில் நாலு செல்வகணேஷுடையது.

அந்த நாலும் போன விதம் இது. செல்வகணேஷின் அக்கா மாடம்மாளுக்கு ஒரே பெண் குழந்தை. பங்குனி உத்திரத்தன்று அவர்கள் சாஸ்தா கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாடம்மாளுக்கு இவன் ஒருத்தன்தான் கூடப் பிறந்தவன். முந்தின நாள் போய்ப் புதுத்துணியும் கம்மலும் வாங்க ஒரு நாள், உத்திரத்துக்கு ஒரு நாள், அவர்களை அழைத்து வந்து வீட்டில் விட்டுத் திரும்ப ஒரு நாள். மூன்று நாள் வேண்டும். இவன் கையில் சேர்த்து வைத்தது இரண்டு.

ஒரு நாள்தானே குறைகிறது, ஒரு சிங்கிள்தானே என்று நினைத்தான். அங்கேதான் மக்களே, தப்பு நடந்தது. முதல் ஆட்டத்தில் தோற்றான். இருந்த இரண்டில் ஒன்று போயிற்று. விட்டதைப் பிடிக்க இன்னொன்று. இடையில் ஒரு நாள் ஜெயிக்கவும் செய்தான், அதுதான் கெடுத்தது. நானும் அவனும் ஏறக்குறைய சமம், நேரம்தான் சரியில்லை என்று நம்பிவிட்டான். சிங்கிளில் அப்படித் தோன்றும். மூன்று வாரத்தில் கையிலிருந்த இரண்டும் போய், வரப்போகிற இரண்டு வாரத்து ஆஃபும் போயிற்று.

அந்த வருஷம் பத்மநாப சுவாமி கோயில் பைங்குனி உத்சவமும் அதே நாட்களில்தான். சுவாமி கடலாடப் போகிற ஆராட்டைப் பார்க்க வந்தவர்களால் எல்லா அறையும் நிறைந்திருந்தது. உத்சவம் முடியும் வரை யாருக்கும் தனி லீவு கிடையாது, சார்ட்டில் ஆஃப் இருக்கிறவன் மட்டும் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

உத்திரத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மாடம்மாள் போன் செய்தாள். விரிப்புகளுக்குப் பின்னால் நின்று அவன் பேசினான். நான் மடித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. அந்தப் போனில் சத்தம் கூடுதல், அவள் பேசுவதும் எனக்குக் கேட்டது.

"லேய் செல்வா, வெள்ளனயே சொல்லிரு. வருவியா மாட்டியா?"

"வாரேன்க்கா."

"எங்க மாமியா என்ன சொல்லுதா தெரியுமா? உன் தம்பி வரமாட்டான், நம்ம சொக்காரப் பங்காளி மகன் மடியில வச்சுக் குத்திருவோம்ங்கா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் தம்பி வரலன்னா என் பிள்ளைக்குக் காதே குத்த வேண்டாம், மூளிக் காதோட இருக்கட்டும்னு சொல்லிட்டேன். வீட்டுல எல்லாரும் வாயடைச்சு நிக்காவ. இப்பம் நீ சொல்லு."

"வாரேன்னு சொல்லுதேம்லா."

"சத்தியமா?"

அவன் ஒரு விரிப்பின் ஓரத்தைப் பிடித்து முறுக்கினான். பிறகு "ஆங்" என்றான். போனை வைத்துவிட்டு, நனைந்த விரிப்பு ஒன்றில் முகத்தைத் துடைத்தான். துடைத்த பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"தங்கபாய் அக்கா, நீங்க ஒண்ணும் கேக்கல, சரியா?" என்றான்.

"நான் ஒண்ணுமே கேக்கல மக்கா" என்றேன்.

இதை அவன் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அனூபிடம் போய் மூன்று நாள் கேட்டிருக்கலாம். ஆனால் அனூபின் வாய் அப்படி. ஜெயிக்கும்போதெல்லாம் "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேண்டி நான் ஒறங்கிக்கிடுதேன், கேட்டியளா?" என்று சிரிப்பான். அந்த வாயிடம் போய் இரப்பதற்குச் செல்வகணேஷுக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் கீழே இருந்தோம். அறையில் இருந்தவர்கள் நாலைந்து நாள் தங்குகிறவர்கள், மதியத்தில் வேலை அதிகம் இல்லை. சமையல்காரன் லிஜோ சாயா பாத்திரத்தோடு வந்திருந்தான். கணக்கைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவதும், சண்டை வந்தால் தீர்ப்பு சொல்வதும் எப்போதும் லிஜோதான்.

செல்வகணேஷ் குச்சியை எடுத்தான். "அனூபு, மூணு நாள் வேணும். ஞாயிறு, திங்கள், செவ்வாய். நான் தோத்தா அடுத்த ஆறு வாரத்து ஆஃபும் உனக்கு."

அனூப் சாயா குடிப்பதை நிறுத்தினான். "ஆறா? அண்ணாச்சி, உத்சவத்துக்கு வெடி பொட்டிச்ச மாதிரி சொல்லுதியே. சிங்கிளா?"

லிஜோ செல்வகணேஷைத் தோளில் தொட்டு என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தான். "மோனே, ஞான் பறயுறது கேளு. நீ அவனைக் காட்டி வீக். வீக்கான ஆளு சிங்கிள் ஆடணும். பத்து சிங்கிள்ல மூணு உனக்கு எப்படியும் விழும். அது பாக்கியம். ரேஸ் வச்சா பாக்கியம் எல்லாம் வெள்ளம் மாதிரி வத்திப்போகும், ஆட்டம் தெரிஞ்சவன் மட்டும் பாக்கி நிப்பான். ஒரு சிங்கிள் வை, கண்ணை மூடி அடி."

அவன் சொன்னது சரிதான். எனக்கே அது புரிந்தது. ஆனால் செல்வகணேஷ் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான்.

"பத்து நிமிசத்துல தோத்துட்டா எங்க அக்காட்ட என்ன சொல்லுவேன்? பத்து நிமிசத்துல உன்னைய விட்டுட்டேன்னா?" என்று மெல்லச் சொன்னான். லிஜோவுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. "அதோட மூணு ஆட்டம் ஆடாம எனக்குக் கை நிக்காது. மூணாவது ஆட்டம் வாரதுக்குள்ள அவன் தினமும் குச்சியச் சாத்திட்டுப் போயிருதான்."

திரும்பி, "ரேஸ். ஏழு வரை" என்றான்.

அனூப் வாதாடுவான், சிரிப்பான் என்றுதான் எல்லாரும் பார்த்தோம். அவனோ உடனே, "ஆயிக்கோட்டே. ஏழு வரை" என்றான். சொன்ன வேகத்தில் சாயா கொஞ்சம் சட்டையில் சிந்தியது. அது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது.

முதல் ஆட்டம் அனூபுக்கு. இரண்டாவதும் அவனுக்கு. பெரிதாகக் குறி பார்க்கவும் இல்லை, நின்றபடி தட்டினான். பந்துகள் வீட்டுக்குப் போகிற மாதிரி குழிக்குப் போயின. அவன் இடது கை விரல்கள் மூன்றில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஸ்டைலுக்கு ஒட்டியிருக்கிறான் என்று லிஜோ கேலி செய்தான். அனூப் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

செல்வகணேஷின் நிலை வேறு. குச்சி நுனியில் சாக் தேய்த்துக்கொண்டே இருந்தான், நுனி தேய்ந்துவிடும் போல. மூன்றாவது ஆட்டம் ஜெயித்தான். நாலாவதும் ஐந்தாவதும் போயின. ஆறாவதைப் பிடித்தான். ஏழாவது மறுபடி அனூபுக்கு. லிஜோ சுவரில் எழுதினான்: ஐந்து, இரண்டு.

அப்போது ஒன்று கவனித்தேன். தோற்கிறவன் முகம் வாடியிருந்தது, அது சரி. ஜெயிக்கிறவன் முகம் அதை விட வாடியிருந்தது. அனூப் சுவரில் இருந்த ஐந்தைப் பார்த்தான், கையைப் பிசைந்தான், பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தான்.

எட்டாவது ஆட்டம். அனூப் தன் ஏழு பந்தையும் தள்ளிவிட்டான். கறுப்பு எட்டு மூலைக் குழியின் வாயிலேயே நின்றது. மெதுவாகத் தொட்டால் போதும். அனூப் குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். பிறகு ஓங்கி ஒரு அடி. எட்டு விழுந்தது. அதன் பின்னாலேயே வெள்ளையும் ஓடிப் போய் விழுந்தது.

"அய்யோ, கை வழுக்கிப் போச்சு" என்றான் அனூப். "உனக்கு ஒரு ஆட்டம் அண்ணாச்சி."

செல்வகணேஷ் குச்சியை மேஜையில் வைத்தான். "வேணும்னு போட்ட."

"இல்லடே, வழுக்கிச்சு."

"எங்க ஊர்ல ஆடு மேய்க்கவன் கூட அந்தப் பந்தத் தொட்டுத் தள்ளுவான். நீ கோடாலியால அடிக்க மாதிரி அடிக்க. எனக்குப் பிச்சை போடுதியா?"

"ஆரு பிச்சை போட்டது? உனக்குச் செயிக்கணும்னா செயிச்சுக்கோயேன். எதுக்கு இந்தத் துள்ளு துள்ளுத?"

"இப்பிடிச் செயிக்க நான் வரல."

இருவரும் மேஜையின் இரண்டு பக்கமும் நின்று முறைத்தார்கள். நான் எழுந்துவிட்டேன், கையில் பாதி மடித்த விரிப்போடு. அந்த நேரம்தான் அனூபின் போன் அடித்தது. அது மேஜையோரத்தில் லிஜோ கைக்கருகில் இருந்தது. லிஜோ வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டான். சண்டையைக் கலைக்கத்தான் போட்டான், பாவம்.

அனூபின் மனைவி ரெம்யா பேசினாள்.

"ஏங்க, நாளைக்கு வருவியள்லா? அப்பா சிமென்ட் எறக்கியாச்சு. நூத்தம்பது கல்லு பாக்கி கெடக்கு. கொத்தனாரு ஆரும் கெடைக்கல, நீங்க மட்டும்தான் உண்டு. அப்பா காலத்தயே ஏந்திருச்சுக் காத்து நிப்பாரு."

"டியூட்டி உண்டு ரெம்யா. உத்சவம் அல்லே" என்றான் அனூப். அவன் குரல் இவ்வளவு சின்னதாகப் போகும் என்று எனக்குத் தெரியாது.

"என்ன டியூட்டி? நேத்து லாட்ஜுக்கு விளிச்சப்போ ஷெமி சொன்னா, உங்களுக்கு ஒம்பது ஆஃப் கெடக்குன்னு. ஒம்பது. அப்பா கேட்டுட்டுச் சந்தோசத்துல கெணத்துக் கரைக்கும் சேத்துச் சுவரு கெட்டலாம்னு சொல்லியாச்சு."

போன் நின்றது. மேலே யாரோ வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது.

அனூப் ஸ்டூலில் உட்கார்ந்தான். விரலில் இருந்த பிளாஸ்டரை ஒவ்வொன்றாக உரித்தான். சிமென்ட் அரித்துத் தோல் வெந்து பிளந்திருந்தது. "கண்டியா" என்றான். "எனக்க மாமனாரு சத்தியநேசன். ரிட்டயர் ஆன நாள் முதல் காம்பவுண்டு சுவரு கெட்டுதாரு. எனக்கு ஆஃப் வந்தா அவருக்குக் கையாளு வந்தாச்சு. ஆறு மாசமா நான் ஒரு ஆஃப்ல ஒறங்கினதில்ல. ஜெயிக்கியது எனக்க கைக்குப் பழக்கமாப் போச்சு, நான் என்ன செய்யட்டு? சிங்கிள்ல வேணும்னு தோத்தா நீங்க எல்லாரும் கண்டுபிடிச்சு நாறடிப்பிய. ரேஸ்னா கூட்டத்துல கூட்டமா அங்கங்க ஒண்ணு ரெண்டு விட்டு, மானம் போகாம தோத்துக்கிடலாம்னு நெனச்சேன். பாழாப்போன பந்து, விடவும் மாட்டேங்குது."

லிஜோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான்.

செல்வகணேஷ் சிரிக்கவில்லை. அனூபின் கையையே பார்த்தான். பிறகு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, காது குத்தைச் சொன்னான். மடியைச் சொன்னான். மூளிக் காதோடு இருக்கட்டும் என்று அக்கா மாமியாரிடம் சொன்னதையும் சொன்னான். இரண்டு வருஷத்தில் அவன் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா என்னடே?" என்றான் அனூப்.

"நீ என்னிக்குக் கேட்ட? ஆட்டம் முடிஞ்ச ஒடனே கிண்டல் பண்ணிட்டு ஏறிப் போயிருவ."

"அதும் சரிதான்." அனூப் தலையைச் சொறிந்தான். "விடு. மூணு நாளும் நீ எடுத்துக்கோ. ரேஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"சும்மா வேண்டாம். எங்க அக்கா மகளுக்கு இரந்து வாங்கின நாள்ல காது குத்தக் கூடாது. வச்சத ஆடி எடுக்கேன். நீ ஒழுங்கா ஆடு. வெள்ளைய உள்ள போட்டன்னா நான் ஏறிப் போயிருவேன்."

லிஜோ தீர்ப்பு சொன்னான். எட்டாவது ஆட்டம் செல்லாது, திரும்ப ஆட வேண்டும். ரேஸ் தொடங்கினால் முடித்தே ஆக வேண்டும். சுவரில் ஐந்து இரண்டு அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம், மக்களே. செல்வகணேஷின் தோள் இறங்கியது, மூச்சு சீரானது. விரிப்பு உதறுகிற அதே கைதான், இப்போது நாலு மூலையும் சரியாக விழுந்தது. எட்டாவது அவனுக்கு. ஒன்பதாவது அவனுக்கு. பத்தாவதும். ஐந்துக்கு ஐந்து. அனூபும் விட்டுக்கொடுக்கவில்லை. பதினொன்றாவதைப் பிடித்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டே பிடித்தான். பன்னிரண்டாவது செல்வகணேஷுக்கு. ஆறுக்கு ஆறு. மணி நாலாகிவிட்டது. ஷெமி எங்களைத் தேடிப் படியிறங்கி வந்து, டியூட்டி சார்ட்டை நெஞ்சோடு அணைத்தபடி அங்கேயே நின்றுவிட்டாள்.

கடைசி ஆட்டத்தில் செல்வகணேஷுக்கு ஒரு பந்தும் எட்டும் பாக்கி. அனூபுக்கு எட்டு மட்டும். முறை செல்வகணேஷுடையது. அவன் பந்து நடுக்குழிக்கு நேராக இருந்தது. தட்டினான். குழியின் உதடு வரை போய், துணிக் கிழிசலில் தட்டித் தயங்கி நின்றுவிட்டது.

"ஸ்ஸ்" என்றாள் ஷெமி.

இப்போது அனூப். எட்டு மேஜையின் அடுத்த கோடியில், குழிகளுக்கெல்லாம் தூரமாக, மேஜை விளிம்போடு ஒட்டிக் கிடந்தது. அதைக் குழியில் போட வழியே இல்லை. செல்வகணேஷுக்குச் சுலபமாக வைத்துவிடாமல் ஒரு தட்டு தட்டினால் போதும். ஒழுங்கான ஆட்டக்காரன் அதைத்தான் செய்வான். அனூப் அதைத்தான் செய்தான். வெள்ளை போய் எட்டைத் தொட்டது. எட்டு எதிர்ப்பக்கம் ஓடி இடித்தது, திரும்பி வந்து இந்தப் பக்கம் இடித்தது, அட்டை வைத்த கால் பக்கம் மேஜை கொஞ்சம் சரிவல்லவா, அங்கே மெல்லத் திரும்பியது. மெல்ல, மெல்ல. நாங்கள் ஐந்து பேரும் அதன் கூடவே குனிந்தோம். மூலைக் குழியின் வாயில் ஒரு நொடி நின்றது. விழுந்தது.

ஏழு, ஆறு. அனூப் ஜெயித்துவிட்டான்.

செல்வகணேஷ் குழியைப் பார்த்தபடி நின்றான். உத்திரமும் போயிற்று, ஆறு வாரமும் போயிற்று.

அப்போது ஒரு சத்தம். அனூப் தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்திருந்தான்.

"பதினஞ்சு" என்றான். "ஒம்பதும் ஆறும் பதினஞ்சு. கெணத்துக் கரை மட்டுமல்ல, பள்ளி வரைக்கும் கெட்டுவாரு எனக்க மாமனாரு. எனக்க அம்மே, பதினஞ்சு."

முதலில் ஷெமி சிரித்தாள். பிறகு லிஜோ. செல்வகணேஷ் உதட்டைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பாதி சிரிப்பில் வந்தது, பாதி வேறு.

அனூப் தரையிலிருந்தபடியே இரண்டு கையையும் விரித்து நீட்டினான். "செல்வா, இது பிச்சையில்ல. நான்தான் இப்போ பிச்சக்காரன். மூணு நாளு எடுத்துக்கிட்டுப் போ. மூணு நாளு எனக்குத் தோலு வளரட்டு. ஆறு வாரமும் எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோ."

"தோத்தத குடுத்தே ஆகணும்" என்றான் லிஜோ. ரேஸ் நியாயத்தில் அவன் அசைய மாட்டான்.

செல்வகணேஷ் குனிந்து அனூபின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "கையுறை போடாம கலவை தொட்டிருக்க. கொத்துக் கரண்டி பிடிக்கத் தெரியாதவன் பிடிச்ச கை. நூத்தம்பது கல்லுதான பாக்கி?"

"உனக்கு எப்படித் தெரியும் கரண்டி?"

"நாலு வருசம் கொத்தனாரா இருந்தேன். கட்டட வேலைக்குத்தான் இந்த ஊருக்கே வந்தேன்."

இரண்டு வருஷம் ஒரே மேஜையில் நின்றிருக்கிறார்கள். பத்துப் பத்து நிமிஷமாக நின்றதில் இது தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை திரும்பி வாரப்ப பாறசாலையில எறங்குதேன்" என்றான் செல்வகணேஷ். "நீயும் அங்க வா. நூத்தம்பது கல்லு ரெண்டு பேருக்கு ஒரு பகல். இந்த மூணும் நான் தோத்த ஆறும் ஒம்பது ஆஃபு, அதுக்கு ஒரு சுவரு. கணக்கு தீந்துச்சா லிஜோ?"

லிஜோ யோசித்தான். சுவரில் எழுதியிருந்த ஏழு ஆறைக் கையால் அழித்தான். "தீந்து" என்றான்.

ஷெமி சார்ட்டை மேஜையில் விரித்து, அனூப் பங்கில் மூன்று ஆஃபை வெட்டி, ஞாயிறு, திங்கள், செவ்வாயில் செல்வகணேஷ் என்று எழுதினாள். செவ்வாய்க்கு அனூபுக்கும் ஒரு ஆஃப் அவன் பங்கிலிருந்தே போட்டாள். "இனி யாராவது இங்க ஆஃப் வச்சு ஆடினா, நான் சார்ட்டக் கொண்டு நேரா முதலாளிகிட்ட போவேன், கேட்டோ" என்றாள். அன்று முதல் அந்த மேஜையில் ரேஸ்தான், சாயாவுக்கு.

செல்வகணேஷ் விரிப்புகளுக்குப் பின்னால் போய் அக்காவுக்குப் போன் செய்தான். இந்த முறை நான் காது கொடுக்கவில்லை. ஆனாலும் அவள் சத்தம் வந்தது. "சத்தியமாவா?" என்றாள். அவன் உடனே, "சத்தியமா" என்றான்.

உத்திரத்தன்று குழந்தை அவன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவன் கட்டைவிரலைக் கடித்துவிட்டதாம். திரும்பி வந்தபோது அந்தப் பல்தடத்தை எல்லாரிடமும் காட்டினான், எனக்கு இரண்டு தடவை. செவ்வாய்க்கிழமை காலையில் பாறசாலையில் இறங்கினான். மாலை நாலு மணிக்குச் சுவர் முடிந்தது, சத்தியநேசன் நூல் பிடித்துப் பார்த்தும் ஒரு குறை காணவில்லை என்று ரெம்யா சொன்னாளாம். கிணற்றுக் கரைச் சுவரைப் பற்றி அவர் வாயெடுப்பதற்குள் இரண்டு பேரும் ரயில் ஏறிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அனூப் பகல் பதினோரு மணி வரை தூங்கினான்.

அவ்வளவுதான் கதை. மூச்சு இப்போது சரியாகிவிட்டதா? இனி எழுந்து வீட்டுக்குப் போங்க. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டிய நாளில் உட்கார ஒரு மாமன் மடி இருக்கட்டும். தூரத்தில் வேலைக்குப் போனவர்கள் சொன்ன நாளில் வந்து படியேறட்டும். உங்கள் வீட்டில் உழைக்கிற கைகள் ஆறி, நல்ல தூக்கம் தூங்கி எழட்டும் மக்களே.